சைரன் ஊதாத நாள்

எங்கள் வீட்டு டியூப்லைட் பகலில் ஒழுங்காக எரிந்ததே இல்லை. இரண்டு முனையும் சிவந்து, நடுவில் துடித்துக்கொண்டே கிடக்கும். நண்பகலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சாப்பாட்டுச் சைரன் ஊதும். அது ஓய்வதற்குள் டியூப்லைட் பளீரென்று பிடித்துக்கொள்ளும். கம்பெனி மெஷின்கள் நின்றால் எங்களுக்கு வோல்ட்டேஜ் வரும். மறுசைரன் ஊதினால் போய்விடும். பேட்டையைச் சுற்றியிருந்த தெருக்களில் சைரனைக் கேட்டுத்தான் மாவு அரைத்தார்கள், கிணற்று மோட்டாரைப் போட்டார்கள், டி.வி. பக்கத்திலிருந்த பூஸ்டரைத் திருப்பினார்கள்.

பூஸ்டர் என்பது ஒரு தகரப் பெட்டி. முகப்பில் ஒரு குமிழ், ஒரு சின்ன வோல்ட் மீட்டர். வோல்ட்டேஜ் இறங்கினால் குமிழை ஒவ்வொரு கிளிக்காக வலப்பக்கம் திருப்ப வேண்டும். வருகிற வோல்ட்டேஜை அது ஏற்றிக் கொடுக்கும். சைரன் ஊதியதும் மறக்காமல் இடப்பக்கம் திருப்பிவிட வேண்டும். மறந்தால், வந்திருக்கும் நல்ல வோல்ட்டேஜையும் அதே விகிதத்தில் ஏற்றிவிடும். எங்கள் தெருவில் இரண்டு வீட்டு டி.வி. அப்படிப் புகைந்திருக்கிறது. மீட்டர் இருந்தும் யாரும் முள்ளைப் பார்க்க மாட்டார்கள். சைரன்தான் இருக்கிறதே.

நான் முள்ளைப் பார்க்கப் படித்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து வராது. எங்கள் கழனி இருந்த இடத்தில் எழும்பிய கம்பெனிக்கே அவர் வாட்ச்மேன். அக்கா, மாட்டையும் என்னையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவள். என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கி விட்டுவிட்டு மாட்டோடு போய்விடுவாள். நான் பத்தாவது தேறி, நகரத்தில் பெண்கள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமோ சேர்ந்தேன். தெருவில் 'கரண்டு படிக்கிற பொண்ணு' என்றார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. தலையை நிமிர்த்திக்கொண்டுதான் பஸ் ஸ்டாப்புக்கு நடப்பேன்.

இரண்டாம் வருடத்தில் நானே ஒரு மீட்டர் பலகை செய்தேன். ஒரு மரப்பலகை, அதில் வட்டமான இரண்டு மீட்டர்கள்: ஒன்று வோல்ட், ஒன்று ஆம்பியர். ஒரு பக்கம் பிளக், மறுபக்கம் சாக்கெட். எந்தச் சாமானை அதில் செருகினாலும், அதற்கு எத்தனை வோல்ட் போகிறது, அது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று இரண்டு முள்ளும் காட்டும். இரண்டையும் பெருக்கினால் வாட்ஸ். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ். அந்தப் பலகையை பாலிடெக்னிக் கண்காட்சியில் வைப்பதாக இருந்தது.

திருநின்றவூருக்குக் கட்டிக்கொடுத்த அக்கா அந்த ஐப்பசியில் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாதம் நிறைவதற்கு முன்பே வலி எடுத்துவிட்டது. பேட்டையின் ஓரத்தில், திருவேற்காடு போகும் சாலையில் இருந்த ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை என்று சொல்ல மனம் வராத அளவுக்குச் சின்னது. தோல் வழியாக நரம்பு தெரிந்தது. டாக்டரம்மா காலையும் மாலையும் வந்து பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் ஒரு நர்ஸம்மாவும் ஒரு ஆயாவும்தான்.

குழந்தையைச் சூட்டுப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மரப்பெட்டி, மேலே கண்ணாடி மூடி. அடித்தட்டில் இரண்டு பல்பு. நடுவில் துளை போட்ட தகடு. தகட்டின் மேல் பஞ்சு மெத்தை. பல்பின் சூடுதான் குழந்தைக்குச் சூடு. பெட்டிக்குள் இருந்த தெர்மாமீட்டர் எப்போதோ உடைந்திருந்தது. நர்ஸம்மா மூடியைத் திறந்து புறங்கையை உள்ளே நீட்டுவார். அந்தக் கைதான் தெர்மாமீட்டர். பெட்டிக்குக் கரண்ட் ஒரு பூஸ்டர் வழியாகப் போனது. அந்தக் குமிழை நர்ஸம்மாவைத் தவிர யாரும் தொடக்கூடாது. அவர் அதைச் சைரனுக்குச் சைரன் திருப்புவார்.

"சூடு கம்மியானா மூச்சு நிக்கும். அதிகமானா வத்திப்போயிடும்" என்று முதல் நாளே எங்களிடம் சொன்னார். "அதனால யாரும் கை வெக்காதீங்க."

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு பல்பு ஃபியூஸ் ஆனது. விடுமுறைக்கு முன் வேலையை முடிக்கக் கம்பெனிகளெல்லாம் ஓவர்டைம் ஓட்டிய நேரம். வோல்ட்டேஜ் படுத்திருந்தது. குமிழைக் கடைசி கிளிக் வரை திருப்பியும் பெட்டியில் சூடு போதவில்லை என்று நர்ஸம்மா காலையிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஆயா கடைக்கு ஓடி இரண்டு பல்பு வாங்கி வந்தாள்.

"அறுவது இல்லியாம்மா. நூறுதான் கீதாம்."

"நூறே போடு. சூடு வரட்டும்."

நான் பையிலிருந்து சின்ன மல்ட்டிமீட்டரை எடுத்தேன். யாரும் கேட்கவில்லை. புதுப் பல்பை வாங்கி, அதன் இரண்டு முனையிலும் கம்பியை வைத்து ரெசிஸ்டன்ஸ் பார்த்தேன். நாற்பது ஓம் காட்டியது. மனதுக்குள் வகுத்தேன்: இருநூற்று முப்பதை நாற்பதால் வகுத்தால் ஐந்தே முக்கால் ஆம்பியர். பெருக்கினேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"போடாதீங்க! இது ஆயிரத்து முந்நூறு வாட்ஸ் இழுக்கும்."

அக்கா புருஷன் அங்கே நின்றிருந்தார். ஆவடியில் ஒரு லேத் பட்டறையில் ஃபிட்டர். பல்பை என் கையிலிருந்து வாங்கி, அதன் தலையில் அச்சடித்திருந்ததைப் படித்தார்.

"நூறுன்னு போட்டுக்கீது மச்சினி. இந்தப் பல்பு ஆயிரத்து முந்நூறு இஸ்துச்சின்னா பேட்டையே இருட்டாயிடும்."

நர்ஸம்மாவே சிரித்துவிட்டார். பழைய அறுபதையும் கழற்றிவிட்டு இரண்டு நூறு பல்பையும் போட்டார்கள். இரண்டும் சாதாரணமாக எரிந்தன. இன்னும் சொன்னால், மங்கலாகத்தான் எரிந்தன.

"படிப்பைப் படிப்போட வெச்சுக்கோம்மா" என்றார் நர்ஸம்மா. அக்கா கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் எனக்காக வெட்கப்பட்டாள் என்று தெரிந்தது. அதுதான் அதிகமாகச் சுட்டது.

வீடு திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே எனக்கு விளங்கிவிட்டது. மல்ட்டிமீட்டர் பார்த்தது குளிர்ந்த கம்பியை. எரியும்போது அந்தக் கம்பி வெள்ளையாகப் பழுக்கிறது. பழுத்த கம்பியின் ரெசிஸ்டன்ஸ் பல மடங்கு ஏறிவிடும். எரியாத பல்பிடம் கேட்டால் எரியும் பல்பின் கணக்கு வராது. எரிய விட்டு, வோல்ட்டையும் ஆம்பியரையும் அந்தக் கணத்தில் பார்த்து வகுக்க வேண்டும். இதை வகுப்பில் சொல்லித்தான் கொடுத்தார்கள். நான் எழுதியும் வைத்திருந்தேன். அவசரத்தில் கையில் இருந்த மீட்டரை நீட்டிவிட்டேன்.

மறுநாள் காலை, அக்காவுக்குக் கஞ்சி எடுத்துப்போகும்போது பலகையையும் எடுத்துக்கொண்டேன். நர்ஸம்மா இரவுப் பிரசவம் ஒன்று நல்லபடியாக முடிந்த தெளிவில் இருந்தார். அக்காதான் கேட்டாள்.

"ஒரே ஒரு தபா பாத்துட்டு எடுத்துடுவா சிஸ்டர். நேத்திலிருந்து சோறு துண்ணலியாம்."

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சுடணும்" என்றார் நர்ஸம்மா.

பூஸ்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் பலகையைச் செருகினேன். நூற்று எழுபது வோல்ட். ஆம்பியர் முள் முக்காலுக்குக் கொஞ்சம் கீழே, பாயின்ட் ஏழு நாலில் நின்றது. பெருக்கினால் நூற்று இருபத்தாறு வாட்ஸ். வகுத்தால் இரண்டு பல்புக்கும் சேர்த்து இருநூற்று முப்பது ஓம். நேற்றுச் சொன்ன பைத்தியக்காரக் கணக்கு இல்லை இது.

நர்ஸம்மா மூடியைத் திறந்து புறங்கையை நீட்டினார். "இதான் சூடு. இப்படியே இருக்கணும். உன் முள்ளு இன்னா சொல்லுது?"

"நூத்தி இருபத்தாறு வாட்ஸ், சிஸ்டர்."

"வெச்சுக்கோ" என்று சிரித்தார். நான் பலகையைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பூஜைக்கு அம்மா காத்திருந்தாள்.

சாமி படத்தின் முன்னால் அம்மா அரிவாள்மனை, மண்வெட்டி, அப்பாவின் டார்ச் லைட் எல்லாவற்றையும் கழுவி வைத்திருந்தாள். என் புத்தகங்களை அடுக்கினாள். அவற்றின் மேல் என் பலகையையும் வைத்து, இரண்டு மீட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். மறுநாள் பூஜை செய்து எடுக்கும்வரை எதையும் தொடக்கூடாது. புத்தகத்தைத் திறக்கவும் கூடாது. அது எங்கள் வீட்டில் எனக்காகவே வந்த வழக்கம். எனக்கு முன்னால் வைப்பதற்குப் புத்தகம் இருந்ததில்லை.

கற்பூரம் காட்டி முடித்தபோது அப்பா கையில் பொரிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார்.

"இன்னா நைனா, அதுக்குள்ள வந்துட்டே?" என்றேன்.

"பூசை முடிஞ்சிது, மெஷினெல்லாம் நிறுத்திட்டானுங்க. எல்லாக் கம்பெனியும் அப்படித்தான். பொரி குடுத்து அனுப்பிட்டான்."

அம்மா தலைக்கு மேலே பார்த்தாள். "அதான் ஃபேனு இந்த ஓட்டம் ஓடுதா? இன்னாடா காத்து பிச்சிக்கினு அடிக்குதேன்னு பாத்தேன்."

டியூப்லைட் துடிக்காமல், முழுசாக, வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. மணி இன்னும் பத்தரை ஆகவில்லை.

"நைனா, இன்னிக்கி சைரன் ஊதுவாங்களா?"

"யாருக்கு ஊதறது? ஆளே இல்லியே."

நர்ஸிங் ஹோம் பூஸ்டர் கடைசி கிளிக்கில் இருந்தது. காலையில் லைனில் வந்தது நூற்று முப்பது வோல்ட் இருக்கும். அதை அது நூற்று எழுபது ஆக்கிக் கொடுத்தது. இப்போது லைனில் இருநூற்று முப்பது வந்தால்? அதே விகிதம்: முந்நூறு. பல்பு அறுபது இல்லை, நூறு. முந்நூறின் வர்க்கத்தை இருநூற்று முப்பதால் வகுத்துப் பார்த்தேன். நானூறுக்குப் பக்கத்தில் வந்தது. கம்பி இன்னும் பழுத்து ரெசிஸ்டன்ஸ் ஏறும். அதற்காகக் கழித்தாலும் முந்நூறு வாட்ஸுக்குக் குறையாது. குழந்தைக்குத் தேவை நூற்று இருபத்தாறு. நர்ஸம்மா சைரன் ஊதினால்தான் குமிழைத் திருப்புவார்.

அப்போதே ஓடியிருக்கலாம். ஆனால் நேற்று சிரித்த சிரிப்பு காதில் இருந்தது. வெறும் வாயோடு போனால் ஒருவரும் என்னைக் குமிழுக்குப் பக்கத்தில் விட மாட்டார்கள். நான் பலகையைப் பூஜையிலிருந்து தூக்கினேன். புத்தகத்தின் மேலிருந்த பூ சரிந்தது.

"அடிப்பாவி! இன்னாடி பண்றே? வெச்ச கை ஈரம் காயல!"

"பாப்பாவுக்கும்மா. பெட்டி கொதிக்கும்."

"சாமி கிட்டேருந்து எடுத்தா பாப்பாவுக்கு ஆவுமா?" அம்மா குறுக்கே வந்து நின்றாள். அவளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததுதான் ஞாபகம் இருக்கிறது. அப்பா சைக்கிள் கேரியரில் பலகையை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொடுத்தார்.

தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தேன். சாலை முழுக்கக் கொண்டாட்டம். வாழைக்கன்று கட்டிய லாரிகள், ஆட்டோக்கள். பட்டறை வாசலுக்கு வாசல் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள். தூறலில் குங்குமமும் பூசணிச் சோறும் கலந்து தார் வழுக்கியது. மெஷின் சத்தம் எங்குமே இல்லை. நான் பிறந்ததிலிருந்து பகலில் கேட்காத அமைதி அது. ஒவ்வொரு பட்டறை வாசலிலும் சீரியல் பல்பு கண்ணைக் குத்துகிற மாதிரி எரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க என் கால் வேகமாக மிதித்தது. ஒரு திருப்பத்தில் பூசணித் துண்டின் மேல் சக்கரம் ஏறி, சைக்கிளோடு சாய்ந்தேன். முழங்கை தேய்ந்தது. ஆம்பியர் மீட்டரின் கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல். பலகையை ஆட்டிப் பார்த்தேன். முள் அசைந்தது. மறுபடி ஏறினேன்.

நர்ஸிங் ஹோமிலும் பூஜை முடிந்திருந்தது. எடை பார்க்கும் தராசு, ஊசி கொதிக்க வைக்கும் பாத்திரம், கத்தரிக்கோல், எல்லாவற்றிலும் பொட்டு. ஆயா பூஸ்டருக்கு மாலையே போட்டிருந்தாள். அதன் மீட்டர் கண்ணாடியின் நடுவில், ஒரு ரூபாய் அகலத்தில் சந்தனம், அதன் மேல் குங்குமம். முள் இருக்கும் இடமே தெரியவில்லை. பெட்டியின் அடித்தட்டுக் கதவு இடுக்கில் காலையில் மஞ்சளாக வெளிச்சம் வழிந்தது. இப்போது வெள்ளையாகப் பாய்ந்து தரையில் கோடு போட்டிருந்தது.

"நர்ஸம்மா எங்கே?"

"உள்ள ஒரு கேசு. கொயந்த தலைகீயா கீது" என்றாள் ஆயா. "இன்னா கண்ணு, கையெல்லாம் ரத்தம்?"

பிரசவ அறைக் கதவைத் தட்டினேன். உள்ளே ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். நர்ஸம்மாவின் குரல் அதற்கு மேலே வந்தது. "யாரு? இப்ப வர முடியாது!"

"சிஸ்டர், பூஸ்டரைக் குறைக்கணும்!"

"சைரன் ஊதறதுக்குள்ள வந்துடுவேன், போ!"

"இன்னிக்கி சைரன் இல்ல சிஸ்டர்!"

அந்தப் பெண்ணின் கத்தலில் நான் சொன்னது உள்ளே போய்ச் சேர்ந்ததா என்றே தெரியவில்லை. நான் பெட்டியிடம் திரும்பினேன். ஆயா குறுக்கே நின்றாள்.

"தோ பாரு, நீ இன்னா வேணா படிச்சிரு. பூசை போட்ட சாமான். நர்ஸம்மா கையத் தவிர வேற கை பட்டா எம் வேலை பூடும்."

"ஆயாம்மா, பாப்பாவைப் பாரு."

"பாத்துகினுதானே கீறேன். கதகதன்னு தூங்குது. காலைலேருந்து ஒரு அயுகை இல்ல, ஒண்ணு இல்ல."

அழுகை இல்லை. அந்த வார்த்தைதான் என்னை உலுக்கியது. கண்ணாடி மூடி வழியே பார்த்தேன். குழந்தையின் முகம் செம்பருத்தி நிறத்தில் இருந்தது. வாய் லேசாகத் திறந்து, உதடு காய்ந்திருந்தது.

அக்கா புருஷன் கையில் பொரியோடு வராந்தாவிலிருந்து வந்தார். "வந்துட்டாங்க ஆயிரத்து முந்நூறு வாட்ஸு. இன்னிக்கி எவ்ளோம்மா? ரெண்டாயிரமா?"

"மாமா, லைன்ல ஃபுல் வோல்ட்டேஜ் வந்துடுச்சு. பூஸ்டர் இன்னும் கடைசியில கீது."

"நீ நேத்து இன்னா சொன்னே? பல்பு போட்டா அவ்ளோதான்னே. இன்னா ஆச்சு?" அவர் சிரித்தாலும் கண் சிரிக்கவில்லை. இரண்டு இரவு தூங்காத கண். "இதோ பாரு மச்சினி, பட்டறையில எத்தினி மோட்டாரு ஓட்டறேன் நானு. நீ குறைச்சி, சூடு இறங்கி, கொயந்தைக்கு எதுனா ஒண்ணு ஆச்சின்னா யாரு பொறுப்பு?"

அது நியாயமான கேள்வி. அதனால்தான் நானும் குமிழை ஒரே திருப்பாகத் திருப்பிவிட்டு நிற்கத் துணியவில்லை. எவ்வளவு குறைப்பது? கூடக் குறைத்தால் மூச்சு நிற்கும். நான் தாவணி முனையால் பூஸ்டர் மீட்டரின் பொட்டைத் துடைத்தேன். ஆயா 'ஐயோ' என்றாள். முள் முந்நூறைத் தாண்டி ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"அது ஓட்டை மீட்டரு" என்றார் மாமா. "நான் பாக்கறப்பலாம் எங்கியாவது மாட்டிகினுதான் நிக்கும்."

"சரி. இதைப் பாருங்க."

அவர் தடுப்பதற்குள் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். தரையில் இருந்த வெள்ளைக் கோடு அணைந்தது. கட்டிலில் இருந்து அக்கா எழுந்து உட்கார்ந்து, "ஏய், இன்னா பண்றே?" என்றாள். பலகையை நடுவில் செருகி, பெட்டியை அதில் மாட்டினேன். இரண்டு முள்ளும் துள்ளி எழுந்தன. வோல்ட், முந்நூறு. ஆம்பியர், கீறலுக்குக் கீழே, சரியாக ஒன்று.

"மாமா, இந்த முள்ளு எதுல நிக்குது?"

அவர் குனிந்தார். "முந்நூறு."

"இது?"

"ஒண்ணு."

"பெருக்குங்க."

ஆயா முந்திக்கொண்டாள். "ஒண்ணால பெருக்கறதுக்கா இம்மாம் வருசம் படிச்சே?"

"முந்நூறு வாட்ஸு ஆயாம்மா. காலைல நூத்தி இருபத்தாறு. நர்ஸம்மா கை உள்ள விட்டு, இதான் சூடு, இப்படியே இருக்கணும்னாங்க. அக்கா கேட்டுகினு இருந்துச்சு."

அக்கா கட்டிலை விட்டு இறங்கினாள். தையல் போட்ட உடம்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "ஆமா. சொன்னாங்க. எங் காதால கேட்டேன்." பிறகு என்னைப் பார்த்து, "நீ திருப்பு" என்றாள்.

மாமா நகர்ந்து கொடுத்தார். ஆயா கண்ணை மூடிக்கொண்டாள். நான் குமிழைத் திருப்பினேன். ஒரு கிளிக், முள் இறங்கியது. இன்னொன்று. கடைசியில் குமிழ் இடப்பக்கம் முட்டி நின்றது. இருநூற்று முப்பது வோல்ட். ஆம்பியர் பாயின்ட் எட்டு ஏழு. பெருக்கினால் இருநூறு. பூஸ்டரால் அதற்குக் கீழே இறக்க முடியாது. இருநூறும் அதிகம்.

"இன்னும் ஜாஸ்தி" என்றேன். "ஒரு பல்பைக் கழட்டணும்."

"கையி வெந்துடும்" என்றார் மாமா. இப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை. பொரியைக் கீழே வைத்துவிட்டு, தோளில் இருந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டார். அடித்தட்டுக் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டார். துண்டு கருகும் வாசனை வந்தது. பல்பைத் திருகி எடுத்தார். என் கண் முள்ளிலேயே இருந்தது. வோல்ட் அசையவில்லை. ஆம்பியர் பாதியாக இறங்கியது: பாயின்ட் நாலு மூணு.

"எவ்ளோ?"

"நூறு. நூறுக்கு ஒண்ணு கம்மி."

"அது கம்மியில்லியா? நூத்தி இருபத்தாறு வேணும்னியே?"

"பெட்டி ஏற்கெனவே கொதிச்சிருக்கு மாமா. இறங்கட்டும். அப்புறம் மூடி மேல துணி போட்டுக்கலாம்."

பிரசவ அறைக் கதவு திறந்து நர்ஸம்மா வந்தார். முழங்கை வரை நனைந்திருந்தது. எங்கள் நான்கு பேரையும், துடைத்த பூஸ்டரையும், தரையில் கிடந்த பல்பையும் பார்த்தார். கையைக் கழுவி, மூடியைத் திறந்து, புறங்கையை நீட்டினார். நீட்டிய வேகத்தில் இழுத்துக்கொண்டார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

குழந்தையைத் தூக்கித் துணியை அவிழ்த்து அக்காவின் மார்பில் போட்டார். "பாலாடை!" ஆயா ஓடினாள். அக்கா பாலைப் பீய்ச்ச, நர்ஸம்மா காய்ந்த உதட்டை ஈரப் பஞ்சால் தொட்டுத் தொட்டு நனைத்தார். பிறகு பாலாடையின் மூக்கு வழியாக ஒரு சொட்டு பால். அது கடைவாயில் வழிந்தது. இன்னொரு சொட்டு. அதுவும் வழிந்தது. உள்ளங்காலைச் சுண்டினார். அசைவில்லை. மறுபடி சுண்டினார். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். நான் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருநூற்று முப்பது. பாயின்ட் நாலு மூணு. அது மாறவே இல்லை.

அடுத்த சொட்டு உள்ளே போனது. தொண்டை ஏறி இறங்கியதை அக்கா பார்த்தாள், நான் பார்த்தேன். எண்ணெய் போடாத கதவு முனகுவதுபோல் ஒரு சத்தம். பிறகு இன்னும் கொஞ்சம் பெரிதாக. "அயுதுடி, அயுது" என்று ஆயா அழுதாள்.

பெட்டி ஆறியதும் நர்ஸம்மா கையை உள்ளே விட்டார். "எவ்வளவு இப்ப?"

"நூறு."

"கொஞ்சம் பத்தல." ஒரு கெட்டித் துண்டை எடுத்துப் பாதி மூடியின் மேல் மடித்துப் போட்டார். காத்திருந்து, மறுபடி கையை விட்டார். "ஆங்." குழந்தையைப் படுக்க வைத்தார். அப்புறம்தான் என் முழங்கையைப் பார்த்தார். டிங்சர் போடும்போது, "சைரன் ஊதும் ஊதும்னு காதை அங்கேயே வெச்சிருந்தேம்மா" என்றார். பலகையைக் கழற்றப் போனேன். "அது அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

அந்தப் பலகை கண்காட்சிக்குப் போகவில்லை.

மறுநாள் விஜயதசமி. அம்மா குங்குமச் சிமிழோடு நர்ஸிங் ஹோமுக்கு வந்தாள். முந்தின நாளிலிருந்து என்னிடம் அவள் பேசவில்லை. பேத்தியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பலகை முன்னால் நின்றாள். சந்தனத்தைத் தொட்டு எங்கே வைப்பது என்று யோசித்தாள். பிறகு கண்ணாடியில் படாமல், மரத்தின் ஓரத்தில் வைத்தாள்.

"முள்ளு தெரியுதா?" என்று என்னைக் கேட்டாள்.

"தெரியுதும்மா."

விடுமுறை முடிந்து கம்பெனிகள் திறந்த காலையில் நான், கழற்றிய பல்பைத் திரும்ப மாட்டத் தயாராக, பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் சைரன் ஊதியது. நர்ஸம்மா இப்போது குமிழை ஆயாவிடம் விட்டிருந்தார்; சைரன் கேட்டதும் அவள் கை குமிழுக்குப் போனது. பாதியில் நின்றது. அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லு கண்ணு. முள்ளு எங்க கீது?"

மெஷின்கள் ஒவ்வொன்றாகப் பிடிக்க, முள் இறங்கத் தொடங்கியிருந்தது. நான் சொல்லச் சொல்ல அவள் திருப்பினாள்.